பந்தலுக்கு அடியில் ஒரு செந்நாய்

எங்கள் திராட்சைத் தோட்டம் சுருளிப்பட்டிச் சாலையில் இருக்கிறது. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதில் கொடி படர்த்திய பந்தல் தோட்டம். உள்ளே வேலை செய்கிற பெரியவர்கள் தலையைக் குனிந்து, முதுகை வளைத்துத்தான் நடக்க முடியும். ஐந்து வயதில் எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. நிமிர்ந்து நடந்தாலும் தலைக்கு மேல் ஏகப்பட்ட இடம் மிச்சம் இருக்கும். ஆனாலும் நான் அங்கே நாலு காலில்தான் ஓடினேன்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, பின்னங்காலால் மண்ணைத் தள்ளினால் உடம்பு தானாக முன்னால் பாயும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மண் மெத்தென்று இருக்கும். அன்றைக்கு ஓடுவது தனிச் சுகம். வரிசை வரிசையாக வளைந்து, தூணைச் சுற்றித் திரும்பி, பழம் வெட்டுகிற அக்காமார்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே வருவேன். "ஏய், குட்டி வருது, பெட்டிய நகத்துங்கடி" என்று அவர்கள் சிரிப்பார்கள். அப்பா என்னைத் தடுத்ததே இல்லை. "கையப் பாத்து ஊனு ஆத்தா, கம்பித் துண்டு கெடக்கும்" என்பார், அவ்வளவுதான்.

அம்மாவுக்குத்தான் பிடிக்காது. முழங்கால் கருத்துவிடும், உள்ளங்கை காய்த்துவிடும், நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்பது அவள் கவலை. அதைவிட அவளுக்கு ஆகாதது என் சீட்டி. உதட்டைக் குவித்து மெல்லிசாக, நீளமாக ஒரு சத்தம் எழுப்புவேன். பாட்டு ஒன்றும் இல்லை, வெறும் கூப்பிடும் சத்தம். யாரைக் கூப்பிட்டேன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. "பொம்பளப் பிள்ள சீட்டி அடிச்சா வீடு வெளங்குமாடி?" என்று வாயிலேயே ஒன்று வைப்பாள்.

ஐந்தாம் வகுப்பு விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம். பாதி தூரம் வரை எல்லாரையும் போல ஓடினேன். முன்னால் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்த அடுத்த நொடியில் என் கைகள் தரையில் இருந்தன. ஒருத்தியை முந்தவும் செய்தேன். இரண்டாவதாக வந்தேன். ஆனால் அந்த மைதானத்தில் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பரிசை மூன்றாவதாக வந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் அம்மாவை வரச் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஊர் பார்க்க நாலு காலில் ஓடவில்லை. யாரும் இல்லாத மத்தியானங்களில் பந்தலுக்கு அடியில் மட்டும் ஓடினேன்.

பதினைந்து வயதில் மேகமலைக்குப் போனோம். அம்மாவின் தங்கை வீட்டுக்காரருக்கு அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை. பள்ளி விடுமுறை. சின்னமனூரில் காலை பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்து, மேலே போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்தினார். ரோட்டில் மாடு நிற்கிறது என்றார்கள். காட்டு மாடு. எல்லாரும் வலது பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் புல்மேடு, அதற்குக் கீழே சதுப்பு நிலம். அந்தப் புல்மேட்டில் ஐந்து பேர் நின்றார்கள்.

பேர் என்றுதான் எழுத வருகிறது. ஐந்து செந்நாய்கள். காவி மண்ணின் நிறம், வெள்ளைத் தொண்டை, கருத்துப் புசுபுசுவென்ற வால். ஒன்று பஸ்ஸைப் பார்த்தது. இன்னொன்று திரும்பிச் சதுப்பு நிலத்தைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. மெல்லிசாக, நீளமாக ஒரு சீட்டி. கீழே இருந்து அதே மாதிரி பதில் வந்தது.

என் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், அந்தக் கணத்தில், ஏதோ ஒன்று தூக்கிக்கொண்டது. பஸ் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது தெரியும். ஆனாலும் இருந்தது. கனமாக, மெத்தென்று, கால் வரை தொங்குகிற ஒன்று. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏண்டி அழுகுற? நாயப் பாத்துப் பயந்துட்டியா?" என்றாள் அம்மா, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே.

"இல்லம்மா."

"பின்ன?"

பின்னே என்ன என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. தூரத்து ஊரில் சொந்தக்காரர்களை முதன்முதலாகப் பார்த்தவள் மாதிரி இருந்தது. அதை அம்மாவிடம் சொன்னால் பஸ்ஸை விட்டு இறக்கி மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பாள். "தலை சுத்துது" என்று சொல்லிவிட்டேன்.

வார்த்தை கிடைத்தது நான்கு வருடம் கழித்து. பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்துக்கொண்டிருந்தேன். விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, போனில் செந்நாய்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது எங்கெங்கோ போய் ஒரு பக்கத்தில் நின்றேன். மனுஷ உடம்பில் பிறந்து, மனசளவில் தான் ஒரு விலங்கு என்று உணர்கிறவர்களைத் தீரியன் என்று சொல்கிறார்கள் என்று அதில் இருந்தது. உடம்பு மனுஷ உடம்புதான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், வேஷம் போடுவது அல்ல, விளையாட்டும் அல்ல, சிலருக்கு இல்லாத வாலும் இல்லாத காதும் இருப்பது போலவே தோன்றும் என்றும் எழுதியிருந்தார்கள். நான் அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். இல்லாத வால். எழுதியவர் எந்த நாடோ, எந்த ஊரோ. என் பஸ் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி எழுதியிருந்தார்.

மாடியில் யாரும் இல்லை. காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று ஒரு சீட்டி அடித்தேன். கீழே இருந்து விடுதிக் காப்பாளர், "யாருடி அது?" என்று கத்தினார். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் படித்துக்கொண்டே இருந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு புல்வெளியில் தாண்டிக் குதிக்கிற வீடியோக்கள் பார்த்தேன். அழகாக இருந்தது, ஆனால் பனியும் ஓநாயும் பைன் மரமும் இருக்கிற அந்த ஊர்களில் எனக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. செந்நாய் என்றால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அது நரியா என்று கேட்டார்கள். பிறகு ஒருநாள் யாரோ தமிழில் ஒரு குழு இருப்பதாகச் சொல்லி இணைப்பு அனுப்பினார்கள். உள்ளே பதினோரு பேர். சென்னை, கோவை, திருநெல்வேலி என்று இருந்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் மாவட்டத்துப் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்ததும் அவர்கள் ஊர்ப் பெயர்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருடமாக ஒரே பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியிருக்கிறோம்!

படிப்பு முடிந்து சின்னமனூர் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவர்களை நேரில் பார்த்தேன். இடம் வைகை அணைப் பூங்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. வீட்டில், கூடப் படித்த தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.  எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, அந்த மூவரில் ஒருவரான ஆண்டிபட்டி அக்கா, "சிமெண்டு யானைக்குப் பக்கத்துல வாம்மா, நாங்க சாதாரணமாத்தான் இருப்போம்" என்று எழுதியிருந்தார்.

சாதாரணமாகத்தான் இருந்தார்கள். ஆண்டிபட்டி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், ஜாக்கெட் தைக்கிறவர், கழுத்தில் அளவு நாடாவோடே வந்துவிட்டிருந்தார். அவர் கீரி. உத்தமபாளையத்து அண்ணன் மின்கம்பம் ஏறுகிற லைன்மேன். அவர் மீன்கொத்தி. குமுளியில் இருந்து வந்தவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுநர், பாதி மலையாளம் பாதி தமிழ் பேசுவார். "ஞான் நீர்நாயாக்கும்" என்று கை நீட்டினார். கையைக் குலுக்கிவிட்டு நான், "செந்நாய்" என்றேன். அந்த ஒரு சொல்லை வாய் திறந்து ஒரு மனுஷர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. "மேகமலைக்காரியா, சரி சரி, உக்காரு" என்றார் அக்கா.

 பிறகு லைன்மேன் அண்ணன் பொரித்த மீன் வாங்கி வந்தார். நீர்நாய்க்கும் மீன்கொத்திக்கும் எந்தத் துண்டு யாருக்கு என்று சண்டை வந்தது. அதில் எல்லாருக்கும் சிரிப்பு வந்து, வாய் திறந்துவிட்டது.

அண்ணன் சொன்னார், "கம்பத்து மேல ஏறி பெல்ட்டப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்னு வைங்க, கீழ வாய்க்காத் தண்ணி பளபளன்னு தெரியும். தல முன்னால போயிரும். ஒரு பாய்ச்சல் பாஞ்சிரலாம்னு இருக்கும். பெல்ட்டு இருக்குறதால ஒக்காந்துருக்கேன்."

"பெல்ட்டக் கழட்டிறாதீக அண்ணே" என்றேன்.

"சேச்சே, மனுசன்னு தெரியும்லம்மா. ரெண்டு பிள்ள இருக்கு. தெரிஞ்சும் அப்புடி இருக்குறதுதான இது."

அக்காவிடம், வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். சொன்ன அன்னைக்கு ஒரு நாள் பூரா யோசிச்சாக. மறுநாள் காலைல, 'சரி, இனிமே வீட்டுக்குள்ள பாம்பு வந்தா நீயே பாத்துக்க'ன்னு சொல்லிட்டாக" என்றார். அக்கா சிரிக்கும்போது உடம்பு முழுதும் குலுங்கியது.

நான் பஸ் கதையைச் சொன்னேன். முழுதாக, அழுததையும் சேர்த்து. சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். "எந்திரி. திரும்பு. நான் ஒனக்கு ஒன்னு தச்சுத் தாரேன். எம்புட்டு நீளம்?"

"முட்டிக்குக் கீழ. கெண்டச் சத நடுவுல வரைக்கும்" என்றேன். யோசிக்கவே இல்லை. எனக்கு அந்த நீளம் விரல்கடை பிசகாமல் தெரியும். இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறதே.

"அடிப்பக்கம் செவப்பு, மத்ததெல்லாம் கருப்புத்தான?"

"ஆமாக்கா."

அவர் குறித்துக்கொண்டார், ஜாக்கெட் அளவு குறிக்கிற அதே நோட்டில்.

ஒரு மாதம் கழித்து வால் கைக்கு வந்தது. கம்பளி நூலும் ஏதோ பழைய பொம்மையின் ரோமத் துணியும் வைத்துத் தைத்திருந்தார். உள்ளே பஞ்சு, இடுப்பில் கட்ட ஒரு நாடா. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. அறைக்குள் நாலு அடி நடந்தேன், திரும்பினேன். திரும்பும்போது அது கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வந்து காலில் மோதியது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், அம்மா சமையல்கட்டில் இருந்ததால்.

பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எதையும் ஒளித்து வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்தேன்.

ஒருநாள் நாற்றுப் பண்ணையில் அரை நாள் வேலை முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால், வாசலில் முறம். முறத்தில் என் வால். அதைச் சுற்றி உப்பு, வரமிளகாய், குங்குமம் தடவிய நாலு எலுமிச்சம்பழம். பக்கத்தில் அத்தை, அப்பாவின் அக்கா, கையில் தீப்பெட்டியோடு. தள்ளி நின்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ எங்கள் குடும்பத்துக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

அத்தை குச்சியை உரசினார்.

"அத்தை! கொளுத்தாதீக! அது என் வாலு!"

குச்சி அவர் விரலைச் சுட்டு அணைந்தது. "என்னது?"

"என் வாலு. நாந்தான் தைக்கச் சொன்னேன்."

"நாடகத்துக்கா?" என்றாள் அம்மா, ரொம்ப நம்பிக்கையோடு.

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வைகை அணையில் அந்த மூன்று பேரோடு உட்காரும் முன்பு என்றால் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. "இல்லம்மா. நாடகமெல்லாம் இல்ல. உள்ளுக்குள்ள நான் செந்நாய். சின்னப் பிள்ளையில இருந்தே அப்புடித்தான். அதுக்குப் பேரு இருக்கு, தீரியன்."

"தெரியன்னா? என்னடி தெரியும் ஒனக்கு?"

"தெரியன் இல்லம்மா, தீரியன்."

அத்தைக்கு வேறு ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. "செந்நாயா? எத்தன உசுரு இருக்கு ஒலகத்துல. மயிலு இருக்கு, மானு இருக்கு. போயும் போயும் செந்நாயா? என் வெள்ளாடு மூணத் தின்ன சனியன்டி அது!"

"அது நான் இல்லத்தை."

"பின்ன ஒங்க ஆளுகதான!"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்பாகப் போயிற்று. அம்மா அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் மருந்தடித்துவிட்டு அப்பா உள்ளே வந்தார், முகத்தில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே. முறத்தைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். அத்தை நடந்ததைச் சொன்னார். அப்பா வாலைக் கையில் எடுத்து உப்பைத் தட்டினார்.

"இத வச்சுக்கிட்டு வேலைக்குப் போவியா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லப்பா. வீட்டுல மட்டும்."

"யாரையும் கடிப்பியா?"

"இல்லப்பா."

"சோறு?"

"நீங்க திங்கிறதுதான்."

"அம்புட்டுத்தான. தோட்டத்துல இது ஓடுன ஓட்டத்த நான் பாத்துருக்கேன் அக்கா. எனக்கு ஒன்னும் புதுசா இல்ல" என்று வாலை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அப்பா அப்படிச் சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அம்மா என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. தட்டில் சோறு வரும், பேச்சு வராது. தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட அப்பாவிடம் சொல்லி, அப்பா என்னிடம் கேட்டார். பன்னிரண்டாம் நாள் காலையில், "கெளம்பு, டாக்டரப் பாக்கப் போறோம்" என்றாள். நான் மறுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. தேனியில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அவர் தூக்கம், சாப்பாடு, வேலை, காதில் குரல் கேட்கிறதா, உண்மையிலேயே உடம்பு மாறுகிறது என்று நம்புகிறாயா என்று பொறுமையாக ஒரு மணி நேரம் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு வியாதின்னு சொல்ற மாதிரி ஒன்னும் இல்லம்மா. ஒழுங்கா வேலைக்குப் போறா, ஒழுங்காத் தூங்குறா. இத மறைக்குறதுலதான் அவளுக்குக் கஷ்டம் இருந்துருக்கு" என்றார்.

"மாத்திரை?" என்று கேட்டாள் அம்மா.

"எதுக்கு?"

வெறுங்கையோடு வெளியே வந்தது அம்மாவுக்கு ஏமாற்றம்தான். பஸ் ஸ்டாண்டில் காபி குடிக்கும்போது கேட்டாள், "கட்டிக்கிறவன்கிட்டச் சொல்லுவியா?"

"மொதல்ல சொல்லுவேன். ஒத்துக்கிட்டாத்தான் கட்டிக்குவேன்."

"அப்படி ஒருத்தன எங்கன போய்த் தேடுறது?" என்றாள். கோபம் குறைந்து, அது வெறும் மாப்பிள்ளை பார்க்கிற கவலையாக மாறியிருந்ததைக் கவனித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாலத் தச்சது யாரு? தையல் நல்லாருக்கு" என்றாள்.

அக்காவைப் பற்றிச் சொன்னேன். அணையில் சந்திக்கிறதையும் சொன்னேன். "நாலு பேரு சேந்து மறைவா அங்கன என்ன செய்றீக? நானும் வாரேன்" என்றாள். கேள்வி கேட்கவில்லை, முடிவைச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஒரு தூக்குச் சட்டி நிறையப் புளியோதரையும் வடகமும் எடுத்துக்கொண்டு வைகை அணைக்கு வந்தாள். குழுவில் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். லைன்மேன் அண்ணன் பயந்து போய்த் தலையெல்லாம் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தோம்.

அம்மா அண்ணனிடம் ஆரம்பித்தாள். "நீங்க என்ன தம்பி?"

"மீன்கொத்திம்மா."

"வேல?"

"லைன்மேன்."

அம்மா ஒரு நொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பச் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

முதலில் குமுளிக்காரர் சிரித்தார். பிறகு அக்கா. பிறகு அண்ணனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனால் அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேள்விகள் நிற்கவில்லை. கீரி என்றால் முட்டை சாப்பிடுவீர்களா, நீர்நாய்க்குச் சளி பிடிக்குமா, உங்கள் சம்சாரம் என்ன சொல்கிறார்கள். குமுளிக்காரர், "என்டெ பாரியாளுக்கு ஞான் எந்நா ஆனாலும் குளிச்சு சுத்தமா இருந்தாப் போதும் அம்மே" என்றார். அதை நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா எல்லாருக்கும் புளியோதரை போட்டாள். அக்காவும் அவளும் சேலைக்கு ஓரம் அடிப்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது என்னிடம், "நல்ல மனுசங்களாத்தான இருக்காக" என்றாள். அடுத்த நொடி தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மனுசங்கன்னு சொல்லலாம்ல?" என்று கேட்டாள்.

"சொல்லலாம்மா. மனுசங்கதான்."

அவள் ஏதோ பெரிய கணக்குக்கு விடை கிடைத்த மாதிரித் தலையாட்டினாள்.

எல்லாரும் அப்படி இல்லை. சித்தப்பா மகன் ஒருவன் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் பிஸ்கட்டை நீட்டுகிறான். வாங்கித் தின்றுவிடுகிறேன், நல்ல பிஸ்கட்டாக இருந்தால். நாற்றுப் பண்ணையில் கூட வேலை செய்கிற அக்காவிடம் ஒருநாள் சொன்னேன். மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டவர், "அப்ப அந்தக் கொரங்குகள வெரட்டேன், நாத்தப் பூராப் பிச்சுப் போடுது" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அத்தை மட்டும் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. மலையடிவாரத்தில் செந்நாய் நடமாட்டம் என்று கேள்விப்பட்டால் எனக்குப் போன் போடுவார். "ஏத்தா, ஒங்க ஆளுக எறங்கிருக்காகளாம். என் ஆட்டுப் பக்கம் வர வேணாம்னு சொல்லி வையி." வேடிக்கைக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. "சொல்றேன் அத்தை" என்று வைத்துவிடுவேன். ஆனால் தீபாவளிக்கு எனக்கு எடுத்துக் கொடுத்த சுடிதார் காவி நிறம், கருப்புத் துப்பட்டா. "கடையில அதுதான் இருந்துச்சு" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

போன மாதம் எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். தேவாரத்துக்காரி, கல்லூரி முதல் வருடம். வீட்டில் சொல்லிவிட்டாளாம். அவள் அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, என்ன செய்வது என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டு என்ன பதில் எழுதுவது என்று வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தேன். எத்தனை அழித்து எழுதினாலும் சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"நம்பர வாங்கு" என்றாள்.

"எந்த நம்பர்?"

"அந்தப் பிள்ளையோட அம்மா நம்பர. நீ என்னத்தச் சொல்லி அவுகளுக்குப் புரியும்? குடு போன."

அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக் கேட்டேன். முதலில் நீண்ட நேரம் அந்தப் பக்கம் பேச, இவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள்.

"ஆமாங்க, எனக்கும் அப்புடித்தான் இருந்துச்சு. நான் பதினோரு நாள் பேசல. பாவம், அது ஒவ்வொரு நாளும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சோறு திங்கும்... இல்லங்க, மந்திரிச்சு ஒன்னும் ஆகாது, எலுமிச்சம்பழந்தான் வீணு... டாக்டர்ட்டக் கூட்டிப் போனேன், மாத்திரைகூடக் குடுக்கல... அதுகளாப் போய்ச் செய்றது இல்லீங்க, அப்புடிப் பொறந்துருக்கு. நாமதான் பெத்தோம், பின்ன யாரு பாக்குறது?"

பதினோரு நாள் அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயக் கையோடு துடைத்ததால் இன்னும் எரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா உள்ளே வந்து போனைச் சார்ஜில் போட்டாள். "அழுதுச்சு. அப்பறம் சிரிச்சுச்சு. சாப்புடுறேன்னு சொல்லிருக்கு" என்றாள். "ஞாயித்துக்கெழம தேவாரத்துக்கு வாரோம்னு சொல்லிட்டேன். ஆண்டிபட்டிக்காரிக்கும் சொல்லு, பஸ்ஸு உத்தமபாளையத்துல மாறணும். ஆமா, அந்தப் பிள்ள என்னவாம்?"

"முள்ளம்பன்றி."

அம்மா அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து மீதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "முள்ளம்பன்றி என்ன திங்கும்? ஏதாச்சும் செஞ்சு எடுத்துட்டுப் போகணும்ல" என்றாள்.

"கெழங்கு தின்னும். ஆனா அவ மனுசப் பிள்ளதானம்மா, எதக் குடுத்தாலும் திம்பா."

"அப்ப கெழங்கே அவிப்போம். ரெண்டுக்கும் ஆச்சு" என்றாள்.